முழுக்கைச் சட்டைக்குள் ஒரு கிரீடம்

கள்ளக்குறிச்சி
24-1-2025

அன்பு மருமகள் அஸ்ரினுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கல்வராயன் மலைத் தேனின் ஏகச் சக்கரவர்த்தியும், புளி, கடுக்காய், சாமை ஆகிய மூன்று சாம்ராஜ்யங்களின் காவலனும், உன் அம்மா ஆசியா பீவிக்கு ஒரே தம்பியும், ஆகவே பூமியிலேயே அதிகம் திட்டு வாங்கியவனுமான சுபுஹான் மாமா எழுதுவது.

கையில் போன் இருக்கும்போது லெட்டர் எதற்கு என்று கேட்பாய். என் போனை என்னைவிட உன் அம்மாதான் ஜாஸ்தி பார்க்கிறாள். தபால்காரர் பையில் மட்டும்தான் அவள் இன்னும் கை விடவில்லை. அதனால் நீ வேலை செய்யும் ரத்த மையத்து விலாசத்துக்கே எழுதுகிறேன். பதிலை என் கடை விலாசத்துக்குப் போடு. வீட்டுக்குப் போட்டால் நான் காலி.

மணலூர்பேட்டை ஆற்றுத் திருவிழாவில் இந்த வருஷமும் தேன் கடை போட்டேன். ஆற்றில் தண்ணீர் ஓடியதோ இல்லையோ, என் கடையில் தேன் ஓடியது. மூன்று ஜில்லா எறும்புகள் வரிசையில் நின்றன. வரிசை திருக்கோவிலூர் வரைக்கும் போனதாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

இப்போது விஷயம். எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். வயது ஐம்பத்தொன்று. லட்சணமாக இருப்பார், தங்கமான குணம். அவருக்குக் கையில் பச்சை குத்திக்கொள்ளலாமா என்று ஓர் எண்ணம். வெறும் எண்ணம்தான். ஊசி, தோல், ரத்தம் எல்லாம் உனக்கு அத்துப்படியாயிற்றே, முன்கூட்டித் தெரிந்துகொள்ள வேண்டியதை எழுது. கூடவே ஒரு சந்தேகம், இதுவும் சும்மா பேச்சுக்குத்தான். குத்தி ஆறு நாள் ஆன கை பலாக்காய் மாதிரி வீங்கி, சிவப்பு மை போட்ட இடம் மட்டும் ஆயிரம் கொசு கடித்ததுபோல் அரித்தால் என்ன செய்வது? ஒரு பேச்சுக்கு, அவர் அதைச் சுண்ணாம்பு தடவி அழிக்கப் பார்த்திருந்தால்?

மலையிலிருந்து நல்ல செய்தி. இருபது வருஷமாக எனக்குத் தேனும் சாமையும் கொடுக்கிற கரியனின் மகள் பவானி மறுபடி முழுகாமல் இருக்கிறாள். மார்ச் பத்துவாக்கில் நாள் குறித்திருக்கிறார்கள். முதல் பிரசவத்தில் அவளுக்கு ரத்தம் நிறையப் போய், பி நெகட்டிவ் எங்கும் கிடைக்காமல், உன் மாமாவின் ராஜ ரத்தம் ஏறியதால் பிழைத்தாள் அல்லவா? இந்த முறையும் ஒரு ஆளைத் தயாராக வைத்திருங்கள் என்று டாக்டர் சொன்னாராம். ஆள் யார் என்று நீயே யூகித்துக்கொள்.

இப்படிக்கு,
சக்கரவர்த்தி சுபுஹான்


சேலம்
29-1-2025

மாமா,

வ அலைக்கும் ஸலாம். உங்கள் நண்பரைப் பற்றிப் படித்தேன். லட்சணம், தங்கக் குணம், ஐம்பத்தொரு வயது. அவருக்கும் தேன் கடை இருக்குமோ?

சரி, நண்பருக்கே பதில் எழுதுகிறேன். அவர் இன்னும் குத்திக்கொள்ளவில்லை என்றால், கடைசி வரைக்கும் படித்துவிட்டுக் கிளம்பச் சொல்லுங்கள்.

குத்துகிறவர் புது ஊசியை நம் கண்ணெதிரே உறையைப் பிரித்து எடுக்க வேண்டும். மையை ஒரு சின்னக் கிண்ணத்தில் நமக்கென்று தனியாக ஊற்ற வேண்டும். முந்தின ஆளுக்கு ஊற்றியதில் மிச்சம் என்றால் அந்த ஆளின் மஞ்சள் காமாலையும் இலவசமாக வரும். கையுறை புதிதாக இருக்க வேண்டும். மஞ்சள் காமாலைக்கும் டெட்டனஸுக்கும் ஊசி போட்டிருப்பது நல்லது. சர்க்கரை இருந்தால் புண் ஆற நாளாகும். சிலருக்குத் தழும்பு மேடாகத் தடித்துவிடும், அந்த ஜாதித் தோல் என்றால் கிட்டவே போகக் கூடாது. சிவப்பு மை நிறையப் பேருக்கு ஒத்துக்கொள்ளாது, அரிப்பு வந்தால் மாதக்கணக்கில் போகாது. திருவிழாக் கூட்டத்தில், புழுதியில், பாட்டரி மிஷினில் குத்திக்கொள்கிறவரைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. குத்திய கையை ஆற்றில் நனைத்தவரைப் பற்றி அதைவிட ஒன்றும் இல்லை. நனைத்தாரா, கேட்டுச் சொல்லுங்கள்.

சுண்ணாம்பு! மாமா, அது வெற்றிலைக்கு. தோலை வேக வைக்கும், மையைத் தொடாது. மை கிடப்பது மேல்தோலுக்கு அடியில். லேசரில்தான் போகும், அதுவும் ஒரே நாளில் இல்லை, பல மாதம் விட்டு விட்டுப் போக வேண்டும். கறுப்பு சீக்கிரம் மங்கும், பச்சையும் மஞ்சளும் பிடிவாதம் பிடிக்கும். முழுசாகப் போய்விடும் என்று யாராவது சத்தியம் செய்தால் நம்ப வேண்டாம். வீக்கம் இருந்தால் உங்கள் நண்பர் இன்றைக்கே டாக்டரிடம் கையைக் காட்ட வேண்டும். கூச்சப்பட்டால் சீழ் பிடிக்கும்.

போலீஸ், ராணுவம் என்று வேலைக்குப் போகிற வயதில் இருப்பவர்களுக்கு அது வேறு தொல்லை. உங்கள் நண்பருக்கு அந்த வயது தாண்டிவிட்டது, புத்தி மட்டும் தாண்டவில்லை. மார்க்கத்தில் பச்சை குத்துவது கூடாது என்று அவருக்கு நான் எழுத வேண்டியதில்லை.

இன்னும் ஒன்று. அவர் ரத்தம் கொடுக்கிற ஆளாக இருந்தால், பச்சை குத்திய நாளிலிருந்து ஒரு வருஷம் கொடுக்கக் கூடாது.

அம்மாவுக்கு ஸலாம். நண்பருக்கு இல்லை.

அஸ்ரின்


கள்ளக்குறிச்சி
4-2-2025

அஸ்ரின் கண்ணு,

உன் கடிதத்தைக் கடையில் நின்றுகொண்டு படித்தேன். கடைசிக்கு முந்தின வரியில் உட்கார்ந்துவிட்டேன். புளி மூட்டை என்று நினைத்து உட்கார்ந்தது ஜெயபேரிகை மாதிரி பெரிய தேன் டின். மூடி உள்ளே போய்விட்டது. அந்த நிலையில்தான் இந்த உலகத்துக்கு என் பெருமை முழுதாகத் தெரிய வந்தது.

நண்பர் செத்துப்போய்விட்டார். நான்தான்.

இடது கை, முழங்கைக்குக் கீழே. அங்கே என்ன இருக்கிறது என்று உன்னைத் தவிர யாருக்கும் சொல்லப் போவதில்லை. தமிழில் 'பி நெகட்டிவ்' என்று எழுதியிருக்கிறது. கீழே சிவப்பாக ஒரு சொட்டு ரத்தம். மேலே ஒரு கிரீடம்.

சிரித்து முடித்தாயா? மேலே படி.

என் தேன் கடைக்குப் பக்கத்திலேயே பச்சை குத்துகிற ஜெயப்பிரகாஷ் கடை போட்டிருந்தான். வியாபாரம் கொஞ்சம் கம்மியான நேரம், பேச்சு வந்தது. பவானிக்கு ரத்தம் கொடுத்த கதையைச் சொன்னேன். உள்ளதைத்தான் சொன்னேன், ஒரு பாட்டில் என்பதை ஒரு குடம் என்று சொல்லியிருப்பேன், அவ்வளவுதான். அவன் எழுந்து நின்றுவிட்டான். "அண்ணே, இந்த மாதிரி ரத்தம் லட்சத்துல ஒருத்தருக்குண்ணே. நாளைக்கி ரோட்டுல அடிபட்டு கெடந்தீங்கன்னா யாருக்குத் தெரியும்? கையில எழுதிக்கினா வழியில போறவன்கூடப் படிச்சிப்பான்" என்றான். கூட்டம் கூடியது. ஒரு அம்மாள் என்னைக் கும்பிட்டாள். நான் யார் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்த மாதிரி இருந்தது. கையை நீட்டினேன். கிரீடம் அவன் கேட்கவில்லை, நானாகச் சொன்னது.

ஆற்றிலும் நனைத்தேன். எரிந்தது, நனைத்தேன்.

மறுநாள் காலை பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் கை கால் கழுவி ஒளு செய்யச் சட்டைக் கையைச் சுருட்டப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். பக்கத்துக் குழாயில், எங்களுக்குத் தொழவைக்கும் ஹஜ்ரத். தண்ணீரை மூடிவிட்டு வயிற்று வலி என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். அன்றிலிருந்து வீட்டிலேயே ஒளு. இந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை. உன் அம்மா, "இன்னாடா மாப்பிள்ளை மாதிரி சுத்திக்கினு கீற?" என்கிறாள். ராத்திரி படுத்தால் ஒரே நினைப்பு: நான் மவுத்தானால் என்னைக் குளிப்பாட்டுகிறவர்கள் அந்தக் கையைத் திருப்புவார்கள். கிரீடத்தைப் பார்த்து, மையித்து என்றும் பார்க்காமல் சிரித்துவிடுவார்கள்.

டாக்டரிடம் காட்டினேன். மாத்திரை கொடுத்தார், வீக்கம் வடிகிறது.

ஆனால் அந்த ஒரு வருஷம்? நான் ரத்தம் கொடுக்கிறவன் என்று கையில் எழுதியதால் நான் ரத்தம் கொடுக்கக் கூடாதா? இதற்கு ஏதாவது குறுக்கு வழி இருக்கும், நீ அந்தத் தொழிலில் இருக்கிறாய். ஒரே ஒரு பாட்டில்தானே? எடுத்த பிறகு எப்படியும் சோதித்துத்தானே ஏற்றுகிறார்கள்? கரியனிடம் போய் இந்தக் கையைக் காட்டச் சொல்லாதே. கல்வராயன் மலையே என்மேல் சரிந்து விழட்டும், அது எவ்வளவோ மேல்.

உன் அம்மாவிடம் மூச்சு விடாதே.

சுபுஹான்


சேலம்
8-2-2025

மாமா,

நான் சிரிக்கவில்லை. கிரீடம் வரைக்கும் சிரித்தேன்.

குறுக்கு வழி இல்லை. சோதிக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் கெட்ட ஊசியால் ஒரு நோய் உள்ளே வந்தால் சில வாரங்களுக்கு எந்தச் சோதனையிலும் அகப்படாமல் ஒளிந்திருக்கும். அந்த நாளில் எடுத்த ரத்தம் சோதனையில் சுத்தம் என்றே வரும், ஏறுகிற உடம்பில் போய்த்தான் வெளியே தெரியும். அதனால்தான் ஒரு வருஷம். உங்களுக்கு ஒன்றும் இருக்காது என்றுதான் நானும் துஆ செய்கிறேன். துஆவை நம்பி நான் பையில் முத்திரை குத்துவதில்லை. மூன்று மாதம் கழித்து உங்கள் ரத்தத்தையும் சோதிக்க வேண்டும், அதையும் ஞாபகம் வையுங்கள்.

பவானிக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. பயப்பட ஒன்றுமில்லை, நேரம் இருக்கும்போதே சொல்லிவிட்டால். எங்கள் பட்டியலில் தேடினேன். சங்கராபுரத்தில் செந்தமிழ்ச்செல்வி என்று ஒரு டீச்சர், பி நெகட்டிவ், ஏற்கெனவே ஏழு முறை கொடுத்தவர். நானே பேசிவிட்டேன். கூப்பிட்டால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன் என்றார். பெயரும் நம்பரும் தனிச் சீட்டில் தேதி போட்டு எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். அதைக் கரியன் மாமா கையில் கொடுங்கள். இந்த வாரமே. பிரசவத்துக்குப் போகும் ஆஸ்பத்திரியில் காட்டி இப்போதே பதிந்துவைக்கச் சொல்லுங்கள்.

காரணம் சொல்லித்தான் கொடுக்க வேண்டும் என்றுகூட இல்லை. சீட்டைக் கொடுங்கள், போதும். ஆனால் கொடுக்காமல் இருந்தீர்கள் என்றால், நம் இரண்டு பேருக்கும் இடையில் இனி லெட்டரும் இல்லை, போனும் இல்லை.

அஸ்ரின்


கள்ளக்குறிச்சி
17-2-2025

வெற்றி! வெற்றி!

மருமகளே, வெள்ளிமலையில் பஸ் இறங்கி, கரியன் வீட்டுக்கு மூன்று கிலோமீட்டர் நடந்தேன். வழியில் இரண்டு கரடிகளும் ஒரு வனத்துறை ஜீப்பும் எனக்கு வழிவிட்டன. கரியன் வாசலில் சாமை தூற்றிக்கொண்டிருந்தான். சீட்டை நீட்டினேன். வாங்கிப் பார்த்தான், மடித்து வைத்துக்கொண்டான். "பாய், நீயே இருக்கும்போது இது எதுக்கு?" என்று கேட்டான். "ஒரு ராஜாவுக்கு ஒரு தளபதி வேண்டாமா?" என்றேன். மலை முழுக்கச் சிரித்தது. கரியன் மனைவி ராணியம்மாள் எனக்குக் கேழ்வரகுக் களியும் கீரையும் போட்டாள். நான் சாப்பிட்டதைப் பார்த்துப் பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் களஞ்சியங்களைப் பூட்டினார்கள்.

பவானி நன்றாக இருக்கிறாள். ஆகவே நீ கோபத்தை விட்டுவிடலாம். ரம்ஜான் வரப்போகிறது, பேரீச்சம்பழம் வாங்கி அனுப்புகிறேன்.

சக்கரவர்த்தி


சேலம்
22-2-2025

அன்புள்ள மாமா,

எவ்வளவு நிம்மதி தெரியுமா? உங்களைப் பற்றி என்னென்னவோ நினைத்துவிட்டேன், மன்னியுங்கள். கூச்சத்தை விழுங்கிக்கொண்டு அவ்வளவு தூரம் நடந்து போயிருக்கிறீர்கள். கரடி பொய்யாக இருக்கலாம், நடந்தது உண்மைதானே.

நேற்று செல்வி டீச்சரிடம் பேசினேன். இன்னும் யாரும் கூப்பிடவில்லை என்றார். நாள் நெருங்கும்போது கூப்பிடுவார்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஒரு தடவை கரியன் மாமாவுக்கு ஞாபகப்படுத்திவிடுங்கள்.

இங்கே எல்லாரிடமும் என் மாமாவைப் பற்றிப் பெருமையாகச் சொன்னேன். கிரீடத்தை மட்டும் சொல்லவில்லை.

அஸ்ரின்


கள்ளக்குறிச்சி
7-3-2025

அஸ்ரின்,

சீட்டைக் கொடுக்கவில்லை. போன கடிதத்தில் எழுதியது பொய்.

மலைக்குப் போனது உண்மை. சட்டைப் பையில் சீட்டு இருந்ததும் உண்மை. நான் போய்ச் சேரும்போது ராணியம்மாள் பக்கத்து வீட்டுச் செல்லியம்மாளிடம் பேசிக்கொண்டிருந்தாள். "ரத்தம் ரெடி பண்ணிக்கினு வாங்கன்னு டாக்டரு சொன்னாரு. எங்களுக்கின்னா கவலை? எங்க பாய் கீறாரு இல்ல" என்றாள். என்னைப் பார்த்ததும், "தோ, நூறு வயசு" என்று சொல்லிச் சிரித்தாள். பவானி வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து எனக்குத் தண்ணீர் கொடுத்தாள். கை பைக்குள்தான் இருந்தது. விரலில் சீட்டு தட்டியது. எடுத்தால் ஏன் என்று கேட்பார்கள் என்று நினைத்தேன். தண்ணீரைக் குடித்தேன். களி சாப்பிட்டேன். இறங்கி வந்துவிட்டேன். நாளாகட்டும், அடுத்த முறை சொல்லலாம் என்று பஸ்ஸில் சொல்லிக்கொண்டேன். பிறகு உனக்கு அந்தக் கடிதத்தை எழுதினேன். நீ என்னைப் பெருமையாகப் பேசியதாக எழுதிய பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அப்போதும் மலைக்குப் போகவில்லை.

நாள் குறித்ததற்கு முன்னாலேயே வலி வந்துவிட்டது. புதன்கிழமை காலை எட்டு மணிக்குக் கரியன் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டான். ஆபரேஷன் செய்யப் போகிறார்கள், ரத்தம் உடனே வேண்டும் என்றான். போனேன்.

கேள், அஸ்ரின். எனக்கு ஒரு கௌரவமான வழி இருந்தது. கரியனே கேட்டான், "பாய், நோன்பாச்சே. நீ குடுக்கலாமா?" என்று. கூடாது என்று தலையை ஆட்டியிருந்தால் போதும், வேறு ஆளைத் தேடியிருப்பார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? வராந்தா முழுக்கக் கேட்கும்படி, "நோன்பை அப்பறம் புடிச்சிக்கலாம், உசுரைப் புடிக்க முடியுமா?" என்றேன். இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் கைகூப்பினார். கடையில் இரண்டு வாழைப்பழம் வாங்கித் தின்றுவிட்டு உள்ளே போனேன்.

ஃபாரம் கொடுத்தார்கள். கடந்த பன்னிரண்டு மாதத்தில் பச்சை குத்திக்கொண்டீர்களா என்று ஒரு கேள்வி. இல்லை என்ற கட்டத்தில் டிக் போட்டேன். யோசிக்கக்கூட இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வலது கையை நீட்டினேன். பை நிறைந்தது.

வெளியே வந்து உட்கார்ந்தேன். கரியன் ஜூஸ் வாங்கி வந்து, மூடியைத் திறந்து என் கையில் கொடுத்தான். "குடி பாய். நீ கீறன்ற தைரியத்துலதான் நான் வேற யாரையும் தேடல" என்றான்.

அதற்கு மேல் என்னால் ஒரு வாய் குடிக்க முடியவில்லை. எழுந்து மறுபடி உள்ளே போனேன். அவனும் என்னவோ என்று பின்னால் வந்தான். ரத்தம் எடுத்த டெக்னீசியன் அம்மாவிடம், "அந்தப் பையைக் குடுக்காதீங்க" என்று சொல்லி இடது கைச் சட்டையைச் சுருட்டிக் காட்டினேன். அந்த அம்மா படித்துப் பார்த்தார். கிரீடத்தையும் பார்த்தார்.

"எப்ப குத்தினது?"

"ஜனவரி பதினெட்டு."

"அப்புறம் ஏன்யா இல்லைன்னு போட்ட? படிக்கத் தெரியாதா?"

"தெரியும். வெக்கமா இருந்துச்சும்மா."

அவர் பையின்மேல் பெரிதாக ஏதோ எழுதித் தனியாக எடுத்து வைத்தார். நான் சீட்டை எடுத்துக் கரியனிடம் கொடுத்தேன். நீ மேலே தேதி போட்டிருந்தாய், எட்டு, இரண்டு. அவனுக்கு எழுத்து மெதுவாகத்தான் வரும், தேதியை உடனே படித்துவிட்டான். என்னைப் பார்த்தான். "ஒரு மாசமா உங்கிட்டவா இருந்துச்சு?" என்றான். திரும்பி போன் செய்யப் போய்விட்டான்.

டீச்சர் சங்கராபுரத்திலிருந்து வண்டியில் வந்து சேர ஐம்பது நிமிஷம் ஆயிற்று. எடுத்து, சோதித்து, ஏற்றத் தயாராக மேலும் நேரம் ஆயிற்று. அதற்குள் உள்ளே ஆபரேஷனை ஆரம்பித்துவிட்டார்கள், காத்திருக்க முடியாது என்றார்கள். இரண்டு தடவை நர்ஸ் வெளியே வந்து, "ரத்தம் வந்துச்சா?" என்று கேட்டாள். கேட்டது கரியனை. ராணியம்மாள் தரையில் உட்கார்ந்திருந்தாள். நான் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றேன்.

பவானி பிழைத்துவிட்டாள். பெண் குழந்தை. இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். உன்னை இவ்வளவு நேரம் பதறவைத்ததும் தப்புதான்.

சுபுஹான்


சேலம்
11-3-2025

மாமா,

டீச்சர் அன்றைக்கே போனில் சொல்லிவிட்டார். உங்கள் கையால் எழுதி வருகிறதா என்று காத்திருந்தேன். வந்தது.

எனக்குப் பொய் எழுதியதை மன்னித்துவிட்டேன், அதை விடுங்கள். அந்தக் கட்டத்தில் டிக் போட்டதை என்னால் மறக்க முடியவில்லை. தினமும் நாற்பது ஃபாரம் என் மேசைக்கு வருகிறது. இல்லை, இல்லை, இல்லை என்று டிக் போட்டிருக்கிறார்கள். முகம் தெரியாத நாற்பது பேரை நம்பித்தான் நான் கையெழுத்துப் போடுகிறேன். உங்கள் கடிதம் வந்ததிலிருந்து ஒவ்வொரு ஃபாரத்திலும் சந்தேகம் வருகிறது. ஒரு பெண்ணிடம் சட்டைக் கையைத் தூக்கிக் காட்டச் சொல்லிவிட்டேன், அவள் அழுதுவிட்டாள். அவள் கையில் ஒன்றுமே இல்லை.

நீங்கள் திரும்பி உள்ளே போனீர்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அம்மாவிடம் நான் சொல்லப் போவதில்லை. நீங்கள் சொல்லுங்கள். கரியன் மாமா வீட்டுக்கும் நீங்களாகப் போக வேண்டும். சொல்ல வேண்டியவர்களிடம் எல்லாம் சொல்லி முடித்த பிறகு எனக்கு எழுதுங்கள். அதுவரை வேண்டாம்.

அஸ்ரின்


கள்ளக்குறிச்சி
5-4-2025

அஸ்ரின் கண்ணு,

சொல்லி முடித்தேன். அதனால் எழுதுகிறேன்.

பெருநாள் அன்று காலை, தொழுகைக்குப் போகும் முன் உன் அம்மாவிடம் சட்டையைக் கழற்றிக் காட்டினேன். புதுச் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவள், கண்ணாடியை எடுத்து வந்து போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தாள். கத்துவாள் என்று காதைத் தயாராக வைத்திருந்தேன். கத்தவில்லை. "அந்தப் பொண்ணுக்கு ஏதாவது ஆயிருந்தா நீ இந்த வூட்டுல எந்த மூஞ்சியோட சோறு துன்னுவ?" என்று மட்டும் கேட்டாள். அவள் சாதாரணமாகத் திட்டுகிற நாற்பது வருஷத் திட்டையும் அதற்குப் பதிலாக வாங்கிக்கொண்டிருப்பேன்.

பள்ளிவாசலில் குழாயடியில் உட்கார்ந்து, இரண்டு கையையும் சுருட்டி ஒளு செய்தேன். பக்கத்தில் இருந்த பெரியவர், "இன்னாப்பா இது, ஆஸ்பத்திரி போர்டா?" என்றார். சிரித்தார்கள். நான் கையைக் கழுவி முடித்தேன். ஹஜ்ரத் தனியாகக் கூப்பிட்டு, மனம் வருந்தித் தவ்பா செய், அதை அழிக்கிறேன் என்று கையைச் சுட்டுக்கொள்ளாதே, ஆற வேண்டியது தோல் மட்டுமில்லை என்றார். தோல் டாக்டரையும் பார்த்துவிட்டேன். லேசருக்கு இன்னும் கொஞ்சம் மாதம் போகட்டும் என்கிறார். சிவப்புச் சொட்டு இன்னும் அரிக்கிறது. இந்த மாதம் இருபதாம் தேதி உன் மையத்துக்கே வருகிறேன், என் ரத்தத்தை எடுத்துச் சோதித்துப் பார்.

நேற்று மலைக்குப் போனேன். கரியன் வாசலில் தேன் வடிகட்டிக்கொண்டிருந்தான். என்னை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், கிரீடம் யார் கேட்டது என்பது வரைக்கும். குடம் என்று சொன்னது ஒரு பாட்டில்தான் என்றும் சொன்னேன். உள்ளே குழந்தை அழுதது. ராணியம்மாள் கதவுப் பக்கம் வந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். குழந்தையை வெளியே கொண்டுவரவில்லை. கொண்டுவா என்று கேட்கும் வாய் எனக்கும் இல்லை.

கரியன் துணியைப் பிழிந்துகொண்டே கேட்டான்.

"ஆஸ்பத்திரியில உனுக்கு எவ்ளோ நாளு சொன்னாங்க?"

"ஒரு வருஷம்."

"எனுக்கும் அவ்ளோ நாளு ஆவும் பாய்."

சரி என்றேன். தேன் கொடுப்பதை நிறுத்தவில்லை. வெள்ளிமலை பஸ்ஸில் டின்னை ஏற்றிவிடுகிறேன், நீ மேலே வர வேணாம் என்றான். கீழே இறங்கும்போது வழியில் கரடி எதுவும் வரவில்லை. எப்போதுமே வந்ததில்லை.

அடுத்த ஜனவரி பதினெட்டோடு அந்த வருஷம் முடிகிறது. பத்தொன்பதாம் தேதி காலையில் கிளம்பிவிடுவேன். முதலில் ஆஸ்பத்திரிக்கா, கரியன் வீட்டுக்கா என்றுதான் இன்னும் தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் எழுது.

உன் மாமா,
சுபுஹான்